முதலில் படிப்பவருக்கு நன்றி

இரண்டாவது நாற்காலி சூடாக இருந்தது.

கடையில் வாங்கிவந்த வெள்ளைத்தாள் கட்டை அதன்மேல் வைக்கப் போனபோது புறங்கை பலகையில் பட்டது. வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஓர் இளஞ்சூடு. மாலை நாலரை மணி. அந்த அறையின் ஒரே ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் அந்த மூலைக்கு ஒருநாளும் வந்ததில்லை. காலை எட்டேகாலுக்குப் பூட்டிய பூட்டை இப்போதுதான் அவளே திறந்து உள்ளே வந்திருக்கிறாள். வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. அம்மா போனதிலிருந்து, நாலு வருஷமாகக் கிடையாது.

அவள் பதறவில்லை. பதறுகிற வேலையில் அவள் இல்லை. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக வரி விடாமல் பார்ப்பதுபோல் வீட்டைப் பார்த்தாள்: ஜன்னல் கொக்கி, குளியலறைக் கதவு, கட்டிலுக்கடியில், துணி அலமாரி, சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால். எல்லாம் வைத்தது வைத்தபடி. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, அது எப்போதும் சொட்டுகிற குழாய். திரும்பி வந்து நாற்காலியைத் தொட்டபோது சூடு ஆறிப் போயிருந்தது. ஈரக் காகித வாசனை லேசாக அடித்தது. அச்சகத்தில் நாள்பூராவும் அடிக்கிற வாசனைதான். அவள் புடவையிலிருந்தே வந்திருக்கலாம்.

இருபத்தாறு வருஷமாக, சொந்த அச்சகம் உள்ள ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறாள், அச்சாகுமுன் பிழை திருத்துகிற வேலை. அங்கே அவளுக்குப் பெயர் 'கமா அக்கா'. முதலாளியிலிருந்து பைண்டிங் பிரிவு வரைக்கும் அப்படித்தான். ஒருநாள் மதியம் முதலாளி அவள் மேசையோரம் நின்று தலையைச் சொறிந்தார்.

"கமா அக்கா, அடுத்தவங்க எழுதினதுக்குப் புள்ளி வெச்சு வெச்சே காலத்தை ஓட்டிட்டீங்க. சொந்தமா ஒண்ணு எழுதணும்னு பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க. மாசக் கடைசிக்குள்ள முதல் வரைவு குடுங்க, நான் போடறேன். இல்லேன்னா இனிமே அந்தப் பேச்சையே என்கிட்ட எடுக்கக் கூடாது."

"கதை இன்னும் கிடைக்கலைங்க."

"கிடைக்கறதுக்கு அது என்ன பஸ்ல தொலைச்ச குடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்தாள். கதை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரூஃப் பார்க்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை தோன்றியது. அவள் கைக்கு வந்த எல்லாப் புத்தகங்களிலும் முதல் கதைக்கு முன்னால் ஒரு நன்றிப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் இருந்த புத்தகம் எல்லாம் எழுதி முடிக்கப்பட்ட புத்தகம். அப்படியானால் அந்தப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றது பின்னாலேயே வராதா?

எழுதினாள். முதலாளிக்கு ஒரு வரி. தங்கைக்கு ஒரு வரி. அதற்குமேல் ஆள் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத குறை, பிள்ளையில்லாத குறை எல்லாம் அவளை இந்த அளவுக்கு உறுத்தியதில்லை; ஒரு பக்கத்தை நிரப்ப ஆள் இல்லாதது உறுத்தியது. எல்லா எழுத்தாளருக்கும் ஒருவர் இருந்தார். மனைவியோ, நண்பரோ, முதலில் படித்துவிட்டு அப்புறம் என்ன என்று கேட்ட ஒருவர். இத்தனை புத்தகங்களில் படித்த சொற்களைக் கோர்த்து மூன்றாவது வரியை அவளே எழுதிக்கொண்டாள்.

"எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் முதலில் படித்தவருக்கு, முடிக்கும்வரை என்னை எழுந்திருக்க விடாதவருக்கு. இந்தக் கதையில் அவர் எதை விரும்புகிறாரோ அது அவருடையது."

படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. சமையலறையில் துணி போட்டு வைத்திருந்த இரண்டாவது நாற்காலியைத் துடைத்து மேசைக்கு எதிரே கொண்டுவந்து போட்டாள். எழுதியதை மெய்யாக்க அதுவும் ஒரு முறை என்றுதான் நினைத்தாள்.

அது நடந்து ஒன்பதாம் நாள், நாற்காலி சூடாக இருந்தது.

சொல்ல வெட்கம், பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது ஒரு சின்ன சந்தோஷம். தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாற்காலியைப் பார்க்காமல், தாளைப் பார்த்தபடி, வாய்விட்டுச் சொன்னாள்.

"பாலத்துல காவல் காக்கற ஒருத்தன். அவன் வேலைக்கு வர்ற கடைசி நாள்."

மேல்வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். குழாய் சொட்டியது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கறான்."

தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக நகர்ந்து, நின்று, அணைந்தது. ஃபிரிட்ஜின் ரீங்காரம் ஒருமுறை உதறிக்கொண்டு ஓய்ந்தது. வேறு எதுவும் தோன்றாமல், தன் வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்த ஒரே கதையைச் சொன்னாள்.

"ஒரு அக்கா. ஒரு தங்கச்சி. தங்கச்சி அக்காவைப் பாக்க வர்றா."

எதிரே நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ முன்னால் சாய்ந்தால் வருகிற சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் இருந்தது, சத்தம் என்று சொல்ல முடியாத ஒன்று. கதை கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்போது அறையில் உண்டாகிற ஒரு குறைவு. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் யாரும் முன்னால் சாய்ந்ததில்லை. பேனாவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. லீவு போட்டாள். காலையில் உட்கார்வாள். கதை எந்தப் பக்கம் போகலாம் என்று மூன்று வழிகளை வாய்விட்டுச் சொல்வாள், ஒரு வழிக்கு நாற்காலி கிறீச்சிடும், அதை எழுதுவாள். ஐந்தே நாளில் அறுபத்திரண்டு பக்கம். சாப்பிட மறந்தாள். விளக்குப் போட மறந்தாள். ஈரக் காகித வாசனை இப்போது வீடெங்கும் இருந்தது, தலையணையில்கூட. எழுந்திருக்க நினைக்கும்போது தோள் கனத்தது. உட்கார்ந்தே இருப்பதால் வருகிற வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு எழுதியதை முதலிலிருந்து திருத்த உட்கார்ந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

கதையில் வருகிற தங்கைக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் மாடி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குகிறாள். இடது காதுக்குக் கீழே மச்சம். அரிசி மூட்டை மாதிரி ஒரு பையைச் சுமந்துகொண்டு வருகிறாள். அது அவள் தங்கைதான், அச்சு அசலாக. நாற்காலி கிறீச்சிட்ட வழிகளை மட்டும் வரிசையாகப் படித்தால், ஒவ்வொன்றிலும் தங்கை ஒரு படி மேலே வருகிறாள். ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. தெருக்கதவு. மாடிக்கதவு. இவளே எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் தங்கை மணியடிக்கிறாள். ஞாயிறு மாலை நாலு மணி. "கதவு திறந்தது" என்று இருக்கிறது.

திறந்தது யார்?

அக்கா மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று மேலேயே இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையால் 'யார்?' என்று குறித்தாள். எதிரே நாற்காலி சத்தம் போடவில்லை.

கைபேசி அடித்தது. துள்ளிவிட்டாள்.

"என்னக்கா, உயிரோட இருக்கியா? பத்து நாளா ஒரு போன் இல்ல."

"எழுதிட்டிருக்கேன்டி."

"எழுது, எழுது. பெரிய ஆளானப்புறம் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடாத. நாளைக்கு வர்றேன். சாயங்காலம் நாலு மணி வாக்குல."

எதிரே நாற்காலி மெதுவாக, மிக மெதுவாக, முன்னால் சாய்ந்தது.

"வேண்டாம்டி. நாளைக்கு வேண்டாம்."

"ஏன், புதுசா ஆளு கீளு வந்திருக்கா வீட்டுக்கு?" தங்கை சிரித்தாள். "வர்றேன், போ." வைத்துவிட்டாள்.

அவள் புதுத்தாள் எடுத்தாள். ஒரே ஒரு வரி எழுதினாள்: தங்கை வரவில்லை. தேநீர் வைக்கலாம் என்று எழுந்தபோது காலும் மரத்திருந்தது, தோளும் கனத்தது. சமையலறைவரைதான் போக முடிந்தது. திரும்பி வந்தபோது அந்த வரியின்மேல் ஒரு கோடு. கோட்டின் நுனியில் ஒரு சுழி. நீக்கு என்பதற்கு அவள் போடுகிற அடையாளம். சிவப்பு மை இன்னும் காயவில்லை.

மறுபடி எழுதினாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. கோடு அவள் கண்முன்னால் வந்தது, இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல்.

நன்றிப் பக்கத்தைத் தேடி எடுத்து, 'எதை விரும்புகிறாரோ அது அவருடையது' என்று முடிகிற மூன்றாவது வரியை அடித்தாள். பேனா வழுக்கியது. கிழிக்கப் பார்த்தாள். அந்த ஒற்றைத் தாள் அட்டைபோல் விறைத்துக்கொண்டு மடங்க மறுத்தது. அதை அப்படியே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து எழப் போனாள். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தோளிலும் இரண்டு கை. பின்னாலிருந்து. அழுத்தவில்லை, அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லு என்று கெஞ்சுகிற குழந்தையின் பிடி. ஆனால் பெரிய கைகள்.

அவள் அலறவில்லை. அலறினால் கேட்க மேல்வீடு இருந்தது. ஆனால் குரல் வரவில்லை. கைபேசி மேசையின் கோடியில், கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. இரவெல்லாம், விடிந்த பிறகும், அதை நோக்கி உடம்பை இம்மி இம்மியாக நகர்த்தினாள். ஜன்னல் சாம்பலாயிற்று, வெளுத்தது, மத்தியானம் ஆயிற்று. தெருவில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். மூன்றே முக்காலுக்கு விரல் நுனி கைபேசியைத் தொட்டது. தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா? கீழதான் இருக்கேன். படியேறப் போறேன்."

"வராத." குரல் காற்றாக வந்தது. "மேல வராத. திரும்பிப் போயிடு."

தங்கை பையைத் தரையில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் வந்தா உனக்கு அவ்வளவு தொந்தரவாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆமாம், தொந்தரவுதான், போடி என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். இந்த உலகத்தில் அவளைப் பார்க்க வருகிற ஒரே ஆள். அழுகைதான் வந்தது.

"அழறியா? உடம்பு சரியில்லையா? இரு, இரு, இதோ வந்துட்டேன்."

தொடர்பு அறுந்தது.

கீழே தெருக்கதவு சாத்திக்கொண்டது.

காலடி. முதல் தளம். நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி காலடி. இரண்டாம் தளம். நின்றது. பை சுவரில் உரசியது. மாடிக்கதவு சாத்திக்கொண்டது.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது. பின்னால் தள்ளப்பட்டது. காலி நாற்காலி. தரையில் ஈரப்பாதம் படுகிற சத்தம். மேசையைச் சுற்றி. அவளைக் கடந்து. வாசலை நோக்கி.

மணி அடித்தது.

தோளில் கைகள் அப்படியே இருந்தன.

தாழ்ப்பாள் தானே விலகியது. கதவு திறந்தது. தங்கை நின்றாள், முகமெல்லாம் வேர்வையாக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. உள்ளே மேசையைப் பார்க்கவில்லை. தனக்கு நேர் எதிரே, ஒரு முழ உயரம் மேலே, எதையோ அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியது. சிரித்தாள்.

"அக்கா," என்றாள். "என்னக்கா இப்படி ஆயிட்ட."

பையைக் கீழே போட்டுவிட்டு வெறும் காற்றைக் கட்டிக்கொண்டாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, எதன்மேலோ முகம் புதைத்து.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மேசையில் உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தங்கையின் முதுகில் புடவைத் துணி ஐந்து இடத்தில் அமுங்கியது. ஐந்து விரல். பக்கத்தில் இன்னொரு ஐந்து. கழுத்துக்குக் கீழே இன்னொரு ஐந்து. இடுப்பில். தோள்பட்டையில். தலைமுடியில். துணி அமுங்கிக்கொண்டே போனது. தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.