சுற்றச் சுற்றத் தீராதது

காலையில் அவள் கட்டிவிட்டுப் போனதைவிடப் பென்சிலில் ஒரு சுற்று கூடுதலாக இருந்தது.

கணவரின் கணுக்கால் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அவள் அதையே பார்த்தாள். வெளியே விடாத மழை, சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும் சத்தம், அறையெங்கும் மருந்து நெடி, அந்த நெடிக்கும் அடியில் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் பாசி வாடை. அவர் குழாய் வேலை பார்ப்பவர். எந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தொலைத்தாரோ, காலில் கொப்புளம் எழும்பி, உடைந்து, நூல்போல ஒரு நரம்புச் சிலந்திப் புழு தலை நீட்டியது. அதைக் குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே அழுகி ஆளையே கொண்டுபோய்விடும்.

முதல் சுற்றைச் சுற்றியவர் அவளுடைய அண்ணன். டாக்டர், அவருடைய கிளினிக்கில்தான் அவள் நர்ஸ். மாப்பிள்ளையைச் சீண்டாமல் அவருக்கு வைத்தியமே ஓடாது.

"நம்ம கிளினிக் கதவுல கோல்ல பாம்பு சுத்தின படம் இருக்கே, அதுவே உங்க கால்தான் மாப்பிள்ளை! அந்தக் காலத்து வைத்தியருங்க இந்தப் புழுவைக் குச்சியில சுத்துற மாதிரி வரைஞ்சு வாசல்ல மாட்டினாங்களாம், அதுதான் பாம்பாயிடுச்சுன்னு சிலர் சொல்றாங்க."

"அப்ப பாம்புக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லையா மச்சான்?"

"இருக்குன்னும் சொல்வாங்க. தோலைக் கழட்டிப் போட்டுட்டுப் புது உயிரா வருதுல்ல, அதனாலயாம்."

அன்று மூவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு முழம் வந்ததும் முடிந்திருக்க வேண்டிய புழு முடியவில்லை. தீக்குச்சி போதாமல் அவள் பென்சிலுக்கு மாற்றினாள். நூலாக வந்தது கயிறாகத் தடித்தது. வேளைக்கு வேளை சோறு ஊட்டியும் அவர் துரும்பாக இளைத்துக்கொண்டே போனார். கல்லும் கரைய வேண்டிக்கொண்டாள். இவரை விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அது தானா சுத்திக்குது."

"பயத்துல உளறாதே. எது நடந்தாலும் அறுத்துடாதே. ராத்திரிக்குள்ள வந்துடறேன்."

போனை வைத்ததும் கட்டிலிலிருந்து அவர் முனகினார்.

"சுத்தாதேம்மா."

"இன்னும் கொஞ்சம்தாங்க. பொறுத்துக்குங்க."

"கால்ல வலி இல்ல. அங்க வலிக்குது."

அவர் கண் பென்சிலைக் காட்டியது.

அவள் அந்தச் சுருளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ துடித்தது, சீராக, நிதானமாக. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தேடினாள். கழுத்தில் தேடினாள். நாடி எங்கும் இல்லை. ஆனாலும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இழுத்தால் போய்விடுவார். அறுத்தாலும் போய்விடுவார். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவள், கடைசியில் எந்த நர்ஸும் செய்யாததைச் செய்தாள். சுற்றைப் பிரித்து, வந்ததையெல்லாம் புண்ணுக்குள் திருப்பித் தள்ளப் பார்த்தாள்.

"உள்ள போ... ஐயோ, உள்ள போயேன்!"

போகவில்லை. பென்சில் அவள் விரல்களுக்குள் திரும்பியது.

ஒரு சுற்று.

இறுக்கிப் பிடித்தாள். திரும்பியது. இன்னொரு சுற்று. அவர் கால்விரல்கள் சப்பையாயின. பாதம் கழற்றிப் போட்ட காலுறைபோலத் துவண்டது. முழங்கால். தொடை. இடுப்பு. போர்வை மெல்ல மெல்லக் கட்டிலோடு படிந்தது.

"ஏங்க! ஏங்க!"

உதடு அசைந்தது. குரல் இல்லை. மார்பு அமுங்கியது. கழுத்து.

பிறகு, வழுக்கிக்கொண்டு, வால் வெளியே வந்தது.

மழைச் சத்தம் மட்டும். பென்சில் முறிந்து தரையில் விழுந்தது. கையில் கனத்துக் கிடந்தது அது, ஈரமாக, மூச்சு விட்டுக்கொண்டு. குளிரில் நடுங்கியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் துண்டை எடுத்து அதைப் போர்த்தி, மடியில் கிடத்தி, தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.

தலையணையில் கிடந்த முகத்தில் இமைகளுக்குள் ஒன்றும் இல்லை. மடியில் இருந்தது தலையைத் தூக்கியது. அவருடைய பழுப்புக் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தது.