ஒழுகவேண்டிய கூரை

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்து மழைக்கு ஓய்வெடுக்கவே தெரியாது. காலையில் பெய்யும், மத்தியானம் பெய்யும். "இன்றைக்குப் பெய்யாது போல" என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே பெய்யும்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு மாடிவீட்டின் முற்றத்தில் புதிதாக ஒரு குடிசை நின்றது. மரச்சட்டங்கள், சுற்றிவர வெள்ளைத் துணி, மேலே ஊசியிலை மரக் கிளைகள். உள்ளே கடதாசிச் சங்கிலிகளும் சிவப்பு ஆப்பிள்களும் தொங்கின.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மிரியமும் அவளுடைய அம்மாவும் பாடுபட்டுக் கட்டிய குடிசை அது. அவர்கள் யூதர்கள். சுக்கோத் திருநாள் வாரத்தில் இப்படிக் குடிசை கட்டி, அதற்குள் இருந்துதான் சாப்பிடுவார்கள். முன்பிருந்த வீட்டில் முற்றம் இல்லாததால் மிரியத்துக்கு இதுதான் முதல் குடிசை.

மூன்றாம் மாடியில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை கொறற்றி, மிரியத்தின் வகுப்புத் தோழி. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு கொறற்றியையும் அவள் அப்பா றெஜினோல்டையும் மிரியம் அழைத்திருந்தாள். கொறற்றியின் அம்மாவுக்கு வைத்தியசாலையில் வேலை. அதனால் அவர் வரமுடியாது.

பின்னேரம் வானம் இருண்டது. அப்பா யன்னலால் கீழே பார்த்தார்.

"பிள்ளை, இஞ்ச ஓடி வா! மிரியம் ஆக்கள் கூரையை அரைவாசியில விட்டிட்டினம் போல."

கொறற்றியும் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். கிளைகளுக்கு நடுவே மேசை தெரிந்தது.

"கிளை முடிஞ்சுபோச்சோ தெரியேல்ல, அப்பா."

"பாவங்கள்! தாயும் மகளும் கடைக்குப் போயிட்டினம். வர முதல் நாங்கள் மூடிவிடுவம். சந்தோசப்படுவினம்."

கூரை போடுவதில் அப்பா சூரர். ஊர்க்காரர் கூடும் விளையாட்டுப் போட்டி, மாதா திருநாள் எதுவானாலும் கொட்டகை போட அவரைத்தான் தேடுவார்கள். நிலவறையில் இருந்து மழைக்கு மூடும் பெரிய நீலத் தறப்பாளைத் தூக்கி வந்தார். ஏணி வைத்து ஏறினார். கொறற்றி கயிறுகளை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துளி புகமுடியாதபடி குடிசையை இறுக்கி மூடிவிட்டார்கள்.

"இப்ப மழை வரட்டும் பாப்பம்!" என்று அப்பா சவால்விட்டார். அவர் உடுப்பு மாற்ற மேலே போனார். மிரியத்தின் முகத்தைப் பார்க்கும் ஆசையில் கொறற்றி அங்கேயே காத்திருந்தாள்.

மிரியம் அம்மாவோடு வந்தாள். குடிசைக்குள் நுழைந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மலரவில்லை.

"வானம் எங்கே?" என்று கேட்டாள்.

"வானமா? இனி ஒரு துளிகூட உள்ளே வராது. அப்பாவும் நானும்தான் மூடினோம்!" என்றாள் கொறற்றி.

"ஐயோ, மூடக்கூடாது கொறற்றி. கூரையில் இலையும் கிளையும்தான் இருக்கவேண்டும். அதற்குள்ளால் நட்சத்திரம் தெரியவேண்டும்."

"மழை பெய்தால்?"

"பெலமாகப் பெய்தால் வீட்டுக்குள் போய்விடுவோம். கொஞ்சமாகப் பெய்தால் நனைவோம்." மிரியம் மேலே தறப்பாளைக் காட்டினாள். "ரொம்பக் காலத்துக்கு முன் எங்கள் முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்து, வீடு இல்லாமல் பாலைவனத்தில் குடிசைகளில் இருந்தார்கள். அப்போது கடவுள்தான் பார்த்துக்கொண்டார். அதை மறக்காமல் இருக்கத்தான் இந்தக் குடிசை. இப்படி மூடிவிட்டால் இதற்குள் இருந்து சாப்பிட்டும் பயனில்லை."

மிரியத்தின் அம்மா மகளின் தோளை அணைத்துக்கொண்டார். "அவர்கள் அன்பினால் செய்திருக்கிறார்கள், மிரியம். கழற்றச் சொன்னால் மனம் நோகும். இன்றைக்கு வீட்டுக்குள் சாப்பிடுவோம்."

மிரியம் தலையாட்டினாள். ஆனால் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

கொறற்றி வெளியே வந்தாள். படிகளில் மெதுவாக ஏறினாள். அப்பாவோ கண்ணாடி முன்னால் நின்று பாட்டு முணுமுணுத்தபடி தலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மிரியத்துக்குச் சந்தோசமோ?"

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அப்பா வாடிவிடுவார். சொல்லாவிட்டால் மிரியத்தின் முதல் குடிசை வீணாகிவிடும்.

"அப்பா, நீங்கள் ஏன் அந்தக் கூரையை மூட அவ்வளவு அவசரப்பட்டனீங்கள்?"

அப்பாவின் சீப்பு நின்றது. "சின்னனில நான் ஒழுகிற கூரைக்குக் கீழ படுத்திருக்கிறன். வேற ஒரு பிள்ளையும் அப்பிடி இருக்கக் கூடாது." அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதற்குமேல் ஒருநாளும் பேசியதில்லை.

கொறற்றி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்தக் கூரை ஒழுகத்தான் வேணுமாம்."

"என்ன விசர்க்கதை இது?"

"இல்லை அப்பா. அவையின்ர ஆக்களும் தப்பி ஓடி வந்தவையாம். வீடில்லாமல் குடிசையில இருந்தவையாம். அதை மறக்காமல் இருக்கத்தான் வருசா வருசம் கட்டுகினம். வானம் தெரியாட்டி அது சரிவராதாம்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மறக்கத்தான் பாக்கிறன்," என்றார் கடைசியில். "அவை மறக்காமல் இருக்கப் பாக்கினம். ம்... பிள்ளையைக் கவலைப்படுத்திப்போட்டன் என்ன? வா, கழட்டுவம்."

"முழுக்கக் கழட்ட வேண்டாம் அப்பா! யன்னல் சீலை மாதிரிச் செய்ய ஏலாதோ? ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு, மற்றப் பக்கத்துக்குக் கயிறு போடுவம். மேசை நனையாமல் இப்ப மூடியிருக்கட்டும். சாப்பிடேக்க இழுத்துத் திறந்துவிடலாம்."

அப்பாவின் முகம் தெளிந்தது. "ஏலுமோ எண்டு ஆரைப் பாத்துக் கேக்கிறாய்?"

இரண்டு பேரும் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். கொறற்றி மிரியத்தின் அம்மாவிடம் தன் யோசனையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "சாப்பிடும்போது திறந்திருந்தால் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள்."

மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கொறற்றியும் மிரியமும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். தறப்பாள் சரசரவென்று ஒதுங்கியது. உள்ளே ஈரமில்லாத மேசை, மேலே ஈரக் கிளைகள். அவற்றின் நடுவே ஒரேயொரு நட்சத்திரம்.

"தெரிகிறது! தெரிகிறது!" என்று மிரியம் துள்ளினாள். துள்ளிய வேகத்தில் ஓர் ஆப்பிள் அறுந்து அப்பாவின் தலையில் விழுந்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மிரியத்தின் அம்மா பாண் ரொட்டியைக் கையில் எடுத்து எபிரேய மொழியில் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு அதைப் பிய்த்துத் தேனில் தோய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். சூடான சூப்பும் வந்தது.

பாதி சூப் குடிப்பதற்குள் தூறல் தொடங்கிவிட்டது. அப்பாவின் மூக்கில் ஒரு துளி, கோப்பையில் ஒரு துளி.

ஒழுகும் கூரை அப்பாவுக்குப் பிடிக்காதே! கொறற்றி எழுந்து கயிற்றைப் பிடித்தாள்.

"மூடவோ அப்பா?"

அப்பா அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்.

"இருக்கட்டும் பிள்ளை," என்றார். பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி ஜேர்மன் மொழியில் பேசத் தொடங்கினார். "கொறற்றியின் வயதில் நானும் ஒரு குடிசையில் இருந்தேன். இலங்கையில் போர் நடந்தபோது மன்னாரில் இருந்து ஓடிப்போய், மடு மாதா கோயிலுக்குப் பக்கத்தில் கட்டியது. மழை வந்தால் அண்ணனும் நானும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு..."

கொறற்றி கயிற்றை விட்டுவிட்டு வந்து அப்பாவோடு ஒட்டி உட்கார்ந்தாள். சூப் ஆறிப்போனது. அந்தக் கதை முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.