வேலி தாண்டிய நடுக்கம்

கால்நடை மருத்துவர் சிக்வால்டியின் அறைக்குள் பிராந்துர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். அவருடைய ஆறு ஆடுகளுக்கு ரிதா என்னும் நடுக்க நோய் உறுதியாகியிருந்தது. இனி மந்தை மொத்தத்தையும் கொன்றாக வேண்டும்.

“இது கெய்ர் பண்ணின வேலை. நோய் பரவாம போட்ட தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து திருட்டுக் கிடா கொண்டாந்திருக்கான். பாவம் அவனுது, சாவு என் ஆட்டுக்கா? நிரூபிச்சுக் குடுங்க, டாக்டர்.”

நிரூபணமானால் பக்கத்துப் பண்ணைக்காரரான கெய்ர் இனி ஆடே வளர்க்க முடியாது.

சிக்வால்டியும் உதவி மருத்துவர் ஊனாவும் முதலில் கெய்ரின் கிடாக்களைப் பார்த்தார்கள். காதுக் குறிகள் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்குக்கு உரியவை. பிறகு பிராந்துரின் கொட்டிலுக்குப் போனார்கள். தரை முழுக்க இடைவெளி விட்ட பலகை. கழிவு கீழே குழியில் விழுந்து குழம்பாகிக் கிடந்தது. நோயுற்ற ஆறும் கோடிச் சுவரோரம் நின்றவை. சுவரடியில் பழுப்புத் தூள் சிந்தியிருந்தது.

சமையலறையில் பிராந்துர் புகையூட்டிய ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும் வைத்தார். கெய்ரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் எதையும் தொடவில்லை.

“எதுல புகை போட்டீங்க?” என்றார் சிக்வால்டி.

“ஆட்டு வறட்டியிலதான். கட்டையில போடறது பட்டணத்துக்காரன் வேலை.”

“சார், அந்தக் கிடா...” என்று ஊனா ஆரம்பித்தாள்.

“கிடாவை விடும்மா. கிடான்னா மந்தை பூரா சுத்தும். இந்த நோய் ஒரு சுவரோரமா நிக்குது.” அவர் பிராந்துரைப் பார்த்தார். “வறட்டி வெட்டணும்னா, கெட்டித் தரையில ஆடு மாசக்கணக்கா மிதிச்சு எரு இறுகணும். உங்க கொட்டில்ல அதுக்கு வழியில்ல. அப்ப வறட்டி ஏது?”

பிராந்துர் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார். “தம்பி வீட்டுது. அவன் செத்தப்புறம், மூணு வருஷம் முன்னாடி எடுத்தாந்தேன். பின்னாடி அறையில அடுக்கி வெச்சிருந்தான்.”

“அவர் மந்தையையும் ரிதாவுக்காகத்தானே கொன்னாங்க?” என்றாள் ஊனா.

“அது பதினஞ்சு பனிக்காலத்துக்கு முன்னாடி. கொட்டிலை எரிச்சீங்க, மண்ணைத் தோண்டி எடுத்தீங்க. வறட்டியை யாரும் கேக்கல. அவ்வளவு குளிர்ல எந்தக் கிருமி பிழைக்கும்?”

“கிருமின்னா செத்திருக்கும்,” என்றார் சிக்வால்டி. “ இது உருக்குலைஞ்ச புரதம். சாகறதுக்கு அதுக்கு உயிர் இருந்தாத்தானே? மண்ணுல, மரத்துல, எருவுல அப்படியே உக்காந்திருக்கும். நீங்க அடுப்புல போட்டது போக, மிச்சத்தைக் கோடிச் சுவரோரம் அடுக்கினீங்க, அங்க சிந்தியிருந்த தூள் அதுதான். ஆடு நக்கிச்சு.”

கெய்ர் சிரித்தார். “கிடாத் திருடன்னு கடைத்தெருவுல வெச்சுச் சொன்னியேய்யா. எங்க, இப்பச் சொல்லு.”

பிராந்துர் தலை நிமிரவில்லை. “உன் வண்டியிலதானே கெய்ர் அந்த வறட்டியை ஏத்தியாந்தோம்? பாதியை உங்க வீட்டுல இறக்கினோமே.”

கெய்ரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

“எங்க வெச்சீங்க?” என்று கேட்டார் சிக்வால்டி.

கெய்ர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஆட்டுக் கொட்டில்ல,” என்றார். “நனைஞ்சிடக் கூடாதுன்னு.”