வேட்டியில் சுற்றிய கூறைச் சேலை

"விடுங்க... இது என்னோட சேலை."

"உங்க சேலை எப்படிங்க கடையில தொங்கும்?"

பத்து பாகாட் டவுனில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பழந்துணிக் கடை. வெளியே விடாத மழை. அரக்குப் பட்டின் ஒரு முனை தனலெட்சுமியின் கையில், மறுமுனை முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் கையில். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அவன் கண்கள் மட்டும் சிரித்தன. பாழாய்ப்போன கண்கள்... வேறு நாளாயிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இன்று சேலையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

அது அவள் அம்மாவின் கூறைச் சேலை. ஓமப் பொறி பட்ட ஓட்டையை அம்மா மஞ்சள் நூலால் தைத்த இடம் கரையோரம் அப்படியே இருந்தது. பட்டு வீணாகாமலிருக்க அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள் அம்மா. பழந்துணிக்குப் பாத்திரம் தருகிறவர் காஹாங் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது, இந்த மகராசி தனலெட்சுமிதான் பிரித்துக்கூடப் பார்க்காமல், அப்பாவின் கிழிந்த வேட்டிதானே என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு ஒரு குண்டான் வந்தது.

அம்மா இப்போது இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அக்கா காளியம்மாவுக்குப் பரிசம். அன்று மாலை அம்மாவுக்குப் படையல் போட்டு, அந்தச் சேலையை வைத்துக் கும்பிட வேண்டும். சேலை இல்லையென்றால்... சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிட்டால்? அந்தப் பயத்தில் வீட்டில் வாயே திறக்காமல், தையல் நூல் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் காசு குடுத்து வாங்கியாச்சுங்க," என்றான் அவன். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "எனக்கும் இது அவசரம்தான். ஆனா ஏன் வேணும்னு சொல்லுங்க... குடுத்துடறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் யாரோ எவரோ... நாளைக்கே பேச்சு பறந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால்?

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப சரி. மழை விட்டுடுச்சு, நான் கிளம்பறேன்லா."

"மழை எங்க விட்டுச்சு?"

"அக்கறைக்கு நன்றிங்க..."

சேலையைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அவன் மழையில் இறங்கினான். போகிறவன் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்றிரவு சேலையை நினைத்துப் படுத்தவளுக்கு அந்தக் கண்களும் ஞாபகம் வந்து தொலைத்தன.

வெள்ளிக்கிழமை கூலாய் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாம்பாளம் ஏந்தி முன்னால் வந்தவனைப் பார்த்ததும் தனலெட்சுமி கதவோரம் ஒதுங்கினாள். அவனேதான்... தாம்பாளத்தில், தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே, அம்மாவின் சேலை.

"இவன் என் சின்ன மகன் ஜெயபாலன். சிங்கப்பூர் துறைமுகத்துல வேலை. பொண்ணு பாக்க வந்தப்ப லீவு கிடைக்கல," என்றாள் மாப்பிள்ளையின் தாய் பெருமையாக. "கூறைச் சேலை அவன்தான் புதுசா எடுத்தாந்தான்."

ஜெயபாலன் அவளைக் கண்டான். முகம் வெளிறிவிட்டது. ரப்பர் விலை விழுந்து, எல்லா வீட்டிலும் பாதிச் சம்பளம் ஓடிய காலம். காசில்லாமல்தான் பழசை வாங்கிப் புதுசென்று சொல்லியிருக்கிறான் என்று தனலெட்சுமிக்குப் புரிந்துவிட்டது. பேசினால் அவன் தாயின் மானம் போகும். பேசாவிட்டால் அம்மாவுக்குப் படையல் இல்லை.

அதற்குள் அப்பா அய்யாவு சேலையைக் கையில் எடுத்துவிட்டார். அவர் விரல் மஞ்சள் நூலின்மேல் நின்றது.

"இந்தத் தையல்... இது என் சம்சாரம் போட்டதாச்சே."

"புதுச் சேலையில உங்க சம்சாரம் எப்படிங்க தைப்பாங்க? நாங்க என்ன திருடியா கொண்டாந்தோம்?" சம்பந்தியம்மா எழுந்துவிட்டாள். "டேய், தட்டை எடுடா."

வாசல் கதவுக்குப் பின்னால் அக்கா விம்முவது கேட்டது.

"அம்மா..." ஜெயபாலன் தலை குனிந்தான். "அது புதுசு இல்லம்மா. பழந்துணிக் கடையில வாங்கினேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் தலைகுனிவை அவளால் தாங்க முடியவில்லை. இனி என்ன வீம்பு...

"தப்பு என்னுதுப்பா. வேட்டிக்குள்ள சேலை இருக்கிறது தெரியாம பாத்திரக்காரர்கிட்ட குடுத்துட்டேன். எங்கெல்லாமோ தேடினேன்... இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அய்யாவு சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு அவளே வந்துட்டா."

சம்பந்தியம்மா மெல்ல உட்கார்ந்தாள். "படையல்ல வைங்க. அப்புறம் அதையே என் மருமக கட்டட்டும்."

மாலை, படையல் முடிந்து, குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றான் ஜெயபாலன். மறுபடியும் தூறல்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..."

"அன்னிக்கே குடுத்திருக்கலாமே..."

"குடுக்கத்தான் திரும்பி வந்தேன். நீங்க போய்ட்டீங்க. அதுலேருந்து வேலையும் ஓடல, சோறும் இறங்கல." ஒரு படி கிட்டே வந்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வீட்டுல கேக்கச் சொல்லட்டுமா?"

அவள் அந்தக் குண்டானையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கச் சொல்லுங்க... ஆனா எனக்குன்னு வேற சேலை தேட வேணாம்."

"அப்புறம்?"

"அக்கா கட்டினப்புறம் அதை வாங்கி நீங்களே தட்டுல வைங்க. எனக்கும் அதுதான் கூறை." கன்னம் சிவக்க நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா, வேட்டியில மட்டும் சுத்தி வெச்சிடாதீங்க."