ரெய்னோ கன்னம் வைத்த தோல்

யூஜின் மாட்டிலாவுக்கு மூக்கு செத்துப்போய்ப் பல வருஷமாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய பட்டறையில் முப்பது வருஷமாக அவனுக்கு இதுதான் பிழைப்பு. மான் தலை, கரடித் தோல், தூண்டிலில் மாட்டிய பெரிய மீன் என்று வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து போடுவதையெல்லாம் பாடம் செய்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஆக்கித் தருவான். தோலிலிருந்து கொழுப்பை வழித்துக்கொண்டிருக்கும்போதே இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டிப் பணியாரத்தை எடுத்துக் கடிப்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் குடலைப் பிரட்டும்.

அப்படிப்பட்டவனே, அன்று காலை ஐலி பெல்டோவின் வண்டி வாசலில் வந்து நின்றபோது கடித்த பாஸ்டியைக் கீழே வைத்துவிட்டான். வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது அவள் புருஷன் ரெய்னோ சுட்ட மான். ரெய்னோவை அடக்கம் செய்தது முந்தைய நாள்தான்.

நடந்தது ஊருக்கே தெரியும். வேட்டை சீசன் தொடங்கிய முதல் நாளே ரெய்னோவுக்குப் பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் கிடைத்தது. பக்கத்தில் போய்க் குனிந்தான். அங்கேயே இதயம் நின்றுவிட்டது. அந்த நவம்பரில் பனி வராமல் வெதுவெதுவென்று மழை பெய்து தொலைத்தது. தேடிப் போனவர்கள் மூன்றாம் நாள் கண்டுபிடித்தபோது, மானைக் கட்டிக்கொண்டு, அதன் கழுத்தில் இடது கன்னத்தைப் பதித்து, தூங்குகிறவன் மாதிரி கிடந்தானாம். அப்புறம் அடக்கம் முடியும்வரை மான் கொட்டகையில் தொங்கியது. அதை யார் நினைத்தார்கள்?

"யூஜின், கொம்ப நீயே வெச்சுக்கிட்டாலும் சரி," என்றாள் ஐலி. அவள் கண் வீங்கியிருந்தது. "எனக்கு இந்தக் கழுத்து வேணும். இந்தப் பக்கம். அவரு மூஞ்சி வெச்சிருந்த எடம்."

"புரியுது, ஐலி."

"பெட்டியத் தெறக்கவே விடல. மூணு நாளாச்சு, பாக்காத, தாங்க மாட்டேன்னுட்டாங்க. கடைசியா அவரு கன்னத்த ஒரு தடவ தொடக்கூட இல்ல, தெரியுமா? அதான், இதையாவது தொட்டுக்கறேன்."

"அதுக்கென்ன, செஞ்சுரலாம்."

இந்த 'செஞ்சுரலாம்' இருக்கிறதே, அதுதான் அவன் செய்த பாவம். வெதுவெதுப்பில் ஒரு வாரம் கிடந்த தோலில் மயிர் நிற்காது. நேற்று கத்தி பிடித்தவனுக்குக்கூட இது தெரியும். முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், அழுதுகொண்டு நிற்கிறாள். யூஜினுக்கு வாய் வரவில்லை. தன்னால் முடியாதது உண்டா என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

தோலை உரித்துக் கழுவும்போதே அந்த வீம்பின் சாயம் வெளுத்துப்போயிற்று. மயிர் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. கூடவே மெல்லிய ஜவ்வும் உரிந்து, விரலிடுக்கில் சளி மாதிரி இழுத்தது. கழுத்தின் அந்தப் பக்கம் மட்டும் அவன் தொடாமலே உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு தடம். கன்ன எலும்பு அமுங்கிய குழி தெரிந்தது. வாயோரம் பதிந்த கோடும் தெரிந்தது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக யூஜின் தொட்டிக்குள்ளேயே வாந்தி எடுத்தான்.

தோலைச் சுருட்டி, கழிவுக் குழியில் வீசினான். சாயங்காலத்துக்குள் ஓநாய்கள் இழுத்துப்போய்விட்டன. பெரிய ஐஸ் பெட்டியில் உறைந்து கிடந்த வேறொரு மானின் தோலை எடுத்துப் பதனிட்டு, கெட்டி நுரைப் பிளாஸ்டிக்கில் வார்த்த தலைமேல் போர்த்தி, ரெய்னோவின் கொம்பை வைத்துத் தைத்தான். இந்தத் தொழிலில் தோல் மாற்றுவது புதிதல்ல. உடையவரிடம் சொல்லிவிட்டு மாற்றுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், பட்டறையில் நாற்றமடித்தது.

நாற்றம் யூஜினுக்கே தெரிந்தது. ஈரச் சருகும் அழுகிய கறியும் கலந்த நாற்றம். குழியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், ஒன்றுமில்லை. கடைசியில் சுவரில் காய்ந்துகொண்டிருந்த ரெய்னோவின் மானிடம் போய் நின்றான். கழுத்தின் இடப்பக்கம் மயிர் உதிர்ந்து தரையில் கிடந்தது.

பதனிட்ட தோல் அழுகாது. அழுகவே அழுகாது.

உள்ளங்கை அகலம். அதே இடம்.

பசை போட்டு மயிரை ஒட்டினான். மறுநாள் உதிர்ந்தது. மறுபடி ஒட்டினான். மூன்றாம் தடவை ஒட்டும்போது விரலுக்கடியில் தோல் மெத்தென்று அமுங்கியது. உள்ளே இருப்பது கெட்டி நுரை. அமுங்க வழியில்லை.

மே மாதம் ஐலி வந்தாள். அன்றைக்கென்று மயிர் நின்றது. நாற்றமும் இல்லை. தப்பித்தோம் என்றுதான் யூஜின் நினைத்தான்.

"இது அதே தோலுதான?"

"அதேதான்."

அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையிடம் போகிறவள் மாதிரி மெதுவாகப் போய், மானின் கழுத்தில் கன்னத்தைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"யூஜின்," என்றாள் கிசுகிசுப்பாக. "அவரு இங்கதான் இருக்காரு."

"இருப்பாரு, ஐலி."

"என்னமோ கேக்கறாரு."

"என்ன கேக்கறாரு?"

"என் மான் எங்கன்னு."

ஐலி நிமிர்ந்தாள். அவள் கன்னமெல்லாம் மயிர் ஒட்டியிருந்தது. மயிருக்கடியில் ஈரமாக என்னவோ பளபளத்தது.

"யாரோட தோலையோ எங்க தலையில கட்டப் பாக்கறியா?"

"ஐயோ, என்ன ஐலி நீ..."

"அவரு கன்னம் வெச்ச தோலு எங்க? தூரப் போட்டிருந்தாலும் சொல்லு. தோண்டி எடுத்துக்கறேன். அழுகியிருந்தாலும் பரவால்ல."

ஓநாய்கள் தின்றுவிட்டன என்று எப்படிச் சொல்வான்?

"சத்தியமா அதேதான், ஐலி."

அவள் சண்டை போடவில்லை. புறங்கையால் கன்னத்தைத் துடைத்து, கையைச் சுவரில் தேய்த்துவிட்டு, மானை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போனாள்.

யூஜின் குழாயடிக்குப் போனான். உடம்பெல்லாம் என்னவோ ஒட்டியிருப்பதுபோல் அருவருப்பாக இருந்தது. சோப்பைக் குழைத்து முகத்தில் தேய்த்தான்.

இடது கன்னத்துத் தாடி கையோடு வந்தது.

வலியே இல்லை. கூடவே மெல்லிய ஜவ்வும் உரிந்து, விரலிடுக்கில் இழுத்தது. கண்ணாடியில் அந்த இடம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று தெரிந்தது. அவன் அதைத் தொடக் கையைத் தூக்கினான். தொட முடியவில்லை.

அங்கே ஏற்கெனவே ஏதோ இருந்தது.

சில்லென்று, மழையில் நனைந்த கனம். கண்ணாடியில் அவன் ஒருவன்தான் இருந்தான். ஆனால் அவன் கன்னச் சதை உள்ளே அமுங்கியிருந்தது. ஐலி ஆறு மாதமாகக் காத்திருந்தது இந்தக் கன்னம் வந்து படுவதற்குத்தான். கிடைத்ததோ இவனுக்கு.

கத்தினால் எழுந்துவிடுமோ என்று யூஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது இன்னும் கொஞ்சம் நெருங்கி, தூங்கத் தோதாகச் சாய்ந்துகொண்டது.