மூன்று தட்டு

பதினெட்டு வருடமாக ஓடாத டீசல் எஞ்சினின் மேல் கையை வைத்தபோது ஃபிட்டருக்கு அது லேசாகச் சுட்டது. தகரக் கூரையில் நாளெல்லாம் காய்ந்த வெயில் உள்ளே இறங்கியிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். முட்டி வலியும் இடுப்பு வலியும் போதாதா, புதிதாகச் சந்தேகம் வேறா?

ஓய்வு பெற்ற மனிதரை ரயில் அருங்காட்சியகத்தார் நிம்மதியாக இருக்க விடவில்லை. கரி எஞ்சின்களை வீட்டுக்கு அனுப்பிய முதல் டீசல்களில் இது ஒன்று. நாற்பது வருடம் சரக்கும் மெயிலும் இழுத்துவிட்டுப் புல்லுக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் முன்னால் அது உறுமியாக வேண்டுமாம். அதைக் கழற்றி மாட்டியவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது இவர் மட்டும்தான். கூடமாட உதவ மருமகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மகளுக்கு இது ஏழாம் மாதம். அவரைப் பத்திரமாகக் கூட்டிட்டு வாங்கப்பா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்துப் பெரிய சக்கரத்தில் இரும்புத் தடியைச் செருகி ஃபிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். எஞ்சினுக்கு மறுபுறம், ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்தில், ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு அடிக்கதவு வழியாக மருமகன் இடுப்பு வரை உள்ளே நுழைந்து டார்ச் அடித்துப் பார்ப்பான். அவன் தலை உள்ளே இருக்கும்போது சக்கரம் சுழன்றால் தலை மிஞ்சாது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, இரும்புக்குள் குரலும் குழம்பும். அதனால் ஷெட்டில் ஒரு வழக்கம். வெளியே வந்தவன் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவான். அதன் பிறகுதான் தடியைத் தள்ளலாம். காலையில்தான் அதை மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஐந்து முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. பழைய எண்ணெயின் கசந்த வாடை, துருவின் வாடை, அவற்றுக்கு அடியில் இப்போதுதான் அணைத்த எஞ்சினிலிருந்து வருமே, அந்தச் சூடான வாடை. இரண்டு நாள் தூக்கமில்லாத கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

டங். டங். டங்.

கண்ணைத் திறக்காமலே தள்ளினார். ஒவ்வொரு முறையும் உடம்பின் மொத்தப் பாரத்தையும் போட்டால்தான் அசைந்த சக்கரம், இந்த முறை எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கூட யாரோ கைகொடுத்தாற்போல.

"மாமா, என்ன பண்றீங்க? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

தடியை இழுத்துப் பிடித்தார்.

"தட்டினீங்களே மாப்பிள்ளை."

"நான் எங்க தட்டினேன்? ஸ்பேனரை நட்டு முறுக்கணும்னு இப்பதானே நீங்க வாங்கினீங்க."

குனிந்து பார்த்தார். ஸ்பேனர் அவர் காலடியில் கிடந்தது.

பயம் வந்தது. பேயை நினைத்து அல்ல. மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற பயம்.

தடி நிற்கவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு, மெல்ல, முன்னால் நகர்ந்தது. காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்தார். பல்லைக் கடித்தார். எவ்வளவு நேரம் தாங்கும் இந்த உடம்பு?

"வெளிய வாங்க மாப்பிள்ளை. உடனே."

டங். டங். டங்.

அவசரமே இல்லாமல். மருமகனின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சந்திலிருந்து.

"வாங்கன்னா."

உள்ளே உடம்பு உரசுகிற சத்தம். இன்னொரு முறை. பிறகு மருமகனின் குரல், கொஞ்சம் எரிச்சலோடு.

"வர்றேன் மாமா. மொதல்ல என் காலை விடுங்க."

ஃபிட்டரின் இரண்டு கைகளும் தடியில் இருந்தன. தடி இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது.