எண்ணெய் விரல்

சுண்டெலிக்குப் பத்து வயது. சின்ன உருவம் என்பதால் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய அத்தைக்கு சைக்கிள் கடையில் வேலை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாள். சுண்டெலி வாயைப் பிளந்து பார்ப்பாள்.

ஆனால், அவர்கள் குடியேறியிருந்த ஊரில் கடைக்கு வருபவர்கள் பேசுவதெல்லாம் டச்சு மொழி. செய்து முடித்த வேலைகளை டச்சில் எழுதி, சைக்கிள் கைப்பிடியில் சீட்டாகக் கட்ட வேண்டும்.

"சனிக்கிழமை நீயே சீட்டு எழுது. சரியா இருந்தா இனிமே நீதான் பெரிய மெக்கானிக்" என்று கடைக்காரம்மா அத்தையிடம் சொல்லியிருந்தார்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அத்தைக்கு அதே டச்சுப் படிப்புதான்; பள்ளியில் டச்சு படிக்கும் சுண்டெலிதான் வாத்தியார்.

"ஒட்டுறது 'ப்ளாக்கென்'. ஒட்டியாச்சுன்னா?" என்று கேட்டாள் சுண்டெலி.

"முன்னால ஒரு 'ஹெ', கடைசியில ஒரு 'ட்'. ஹெப்ளாக்ட்."

"எண்ணெய் போட்டாச்சு?"

"ஹெஸ்மேர்ட்."

"காத்து அடிச்சாச்சு?"

"ஹெ... ஒப்..."

"இதுல 'ஹெ' நடுவுல போய் உட்கார்ந்துக்கும் அத்தை. ஒப்ஹெபொம்ப்ட்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள டயரே வெடிச்சிடும் போலிருக்கே" என்றாள் அத்தை.

சனிக்கிழமை வந்தது. சுண்டெலியும் கடைக்குப் போனாள். அத்தை டியூபை ஒட்டினாள். காற்றடித்தாள். சங்கிலியைத் துடைத்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டு எழுதினாள். மூன்று வார்த்தைகள். ஒரு பிழை இல்லை.

கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

சுண்டெலி சீட்டைப் படித்தபடியே சங்கிலியைத் தொட்டாள். விரலில் ஒன்றுமே ஒட்டவில்லை.

"அத்தை, எழுதினது சரி. ஆனா என் விரலைப் பாரு" என்று கிசுகிசுத்தாள்.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதற்றத்தில், மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதிவிட்டாள். எண்ணெய் போடவே இல்லை.

சீட்டைக் கேட்டு கடைக்காரம்மா கை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இதுல ஒரு வார்த்தை இன்னும் உண்மையாகல."

கடையில் இருந்த எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, சங்கிலி முழுக்கச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். அதன் பிறகே சீட்டைக் கொடுத்தாள்.

கடைக்காரம்மா படித்தார். சங்கிலியைத் தொட்டார். விரல் மினுமினுத்தது.

"திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாச் சீட்டும் நீதான் எழுதணும், பெரிய மெக்கானிக்" என்றார்.

சுண்டெலியும் இன்னொரு தடவை சங்கிலியைத் தொட்டுக்கொண்டாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா அதட்டினாள்: "என்னடி இது விரல்ல?"

சுண்டெலி அத்தையைப் பார்த்தாள். விரலை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"ஹெஸ்மேர்ட்."